எக்ஸ்-மென் கார்ட்டூன் கடைசி சீசன்ல என்ன ஆச்சு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஃபிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை டிசைன் போட்டுப் பிழைக்கிறவன் நான். வேலை இல்லாத நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் கார்ட்டூன் ஓடும். 2024இல் ‘எக்ஸ்-மென் ’97’ வந்ததிலிருந்து, பேனருக்கு வருகிறவர்கள், அவர்கள் கூட்டி வரும் பிள்ளைகள், பாளையங்கோட்டைக் கல்லூரிப் பையன்கள், என் அக்கா மகன் எல்லோரும் பழைய தொடரையும் தேடிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் வந்து முட்டிக்கொண்டு என்னிடம் கேட்கிறார்கள். அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். கதை முடிவு உட்பட எல்லாம் இதில் வரும், பார்க்காதவர்கள் யோசித்துப் படிக்கவும்.

அண்ணாச்சி, மொதல்ல நீங்க எந்த எக்ஸ்-மென்னச் சொல்லுதிய? சினிமாவா?

சினிமா இல்லை. அமெரிக்காவில் ஃபாக்ஸ் கிட்ஸ் என்ற சிறுவர் ஒளிபரப்பில் 1992 அக்டோபர் 31 அன்று தொடங்கி 1997 செப்டம்பர் 20 வரை வந்த கார்ட்டூன் தொடர். ஐந்து சீசன், மொத்தம் 76 எபிசோடுகள். நாம் பேசப்போவது 1996 செப்டம்பரில் தொடங்கிய ஐந்தாவது சீசனைப் பற்றி.

ஆளாளுக்கு ஒரு பேரு சொல்லுதாங்க. யாரு யாருன்னு ரெண்டு வார்த்தையில சொல்லுங்க.

பிறவியிலேயே விசேஷ சக்தியோடு பிறந்தவர்கள் மியூட்டன்ட்கள். ஊர் அவர்களைக் கண்டு பயப்படுகிறது, வெறுக்கிறது. அவர்களைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர் பேராசிரியர் சேவியர், சக்கர நாற்காலியில் இருப்பார். (நம் ஊரில் ‘சேவியர் புரொபசர்’ என்றாலே பாளையங்கோட்டை சேவியர் கல்லூரி வாத்தியார் யாரோ என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு அத்தை “எந்த டிபார்ட்மென்ட்?” என்று கேட்டார்.) கண்ணிலிருந்து சிவப்புக் கதிர் விடுகிறவன் சைக்ளாப்ஸ் என்கிற ஸ்காட், அவன் காதலி ஜீன். கையிலிருந்து நகம் நீள்கிறவன் வுல்வரின். சீட்டுக் கட்டை வீசுகிறவன் கேம்பிட். தொட்டால் சக்தியை உறிஞ்சுகிறவள் ரோக். மழையும் காற்றும் ஸ்டார்ம். நீல ரோமத்தோடு மேற்கோள் சொல்லித் திரிகிறவர் பீஸ்ட். மஞ்சள் கோட்டுக்காரச் சின்னப் பெண் ஜூபிலி. எதிர்ப்பக்கம் மேக்னீட்டோ. அவர் சேவியரின் பழைய சிநேகிதர்.

கடைசி சீசன் முழுசுமே மோசம்னு சொல்லுதாங்களே, நெசமா?

முழுசும் இல்லை. சீசன் தொடக்கத்தில் வரும் ‘ஃபேலங்க்ஸ்’ இரண்டு பாகக் கதை பழைய தரத்தில்தான் இருக்கும். ஸ்டார்மை மையமாக வைத்து வரும் இரண்டு பாகமும் அப்படித்தான்.

கண்ணை உறுத்துவது கடைசி ஆறு எபிசோடுகள். பெரிய வில்லன் அபோகலிப்ஸை உயிர்ப்பிக்கப் பார்க்கும் கதை, ஜூபிலி சொல்லும் தேவதைக் கதை, வுல்வரினின் போர்க்காலக் கதை, சுரங்க ஊர்ப் பையன் கதை, சினிஸ்டர் என்ற இன்னொரு வில்லன் உருவான கதை, கடைசியாக ‘கிராஜுவேஷன் டே’. யாராவது கடைசி சீசன் என்று சலித்துக்கொண்டால் இந்த ஆறைத்தான் சொல்கிறார்கள். கீழேயும் ‘கடைசி ஆறு’ என்று நான் சொல்வது இவற்றைத்தான்.

மாமா, வுல்வரின் மூஞ்சி ஏன் திடீர்னு வேற ஆள் மாதிரி இருக்கு?

அக்கா மகன் கேட்டது. இரண்டாவது சீசனில் ஒரு காட்சியையும் கடைசி ஆறில் ஒரு காட்சியையும் நிறுத்திப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவன் விரல் நேரே முகமூடிக்குப் போனது. பழைய வுல்வரினுக்குத் தாடை கோணலாக, கனமாக இருக்கும். முகமூடியின் கறுப்புச் சிறகுக்கு அடியில் நிழல் திட்டுத் திட்டாக விழுந்திருக்கும். தோளில், புஜத்தில் தசைக்கோடுகள் நிறைய. புதியதில் முகம் மழுங்கி, நிழல் வற்றி, உடம்பில் கோடுகள் குறைந்து நிற்கிறான். பெண்களின் முகவெட்டும் மாறிப்போனது. கூந்தலையும் உடுப்பையும் வைத்துத்தான் ஜீன் என்று அடையாளம் கண்டுபிடித்தேன் என்று ஒரு கல்லூரிப் பையன் சொன்னான், அதில் மிகை ஒன்றும் இல்லை.

காரணம் எளிது. அந்த ஆறுக்கும் பாத்திர உருவங்களைப் புதிதாக வரைந்தார்கள், அசைவோவியம் போடும் ஸ்டூடியோவும் மாறியது. அதுவரை தென்கொரியாவின் ஏகாம் ஸ்டூடியோ செய்த வேலை பிலிப்பைன்ஸில் உள்ள ஒரு ஸ்டூடியோவுக்குப் போனது.

ஸ்டூடியோ மாறுனா என்ன? கதை, டிசைன் எல்லாம் அமெரிக்காக்காரன் கொடுக்கதுதானே?

அவன் கொடுப்பது பாதிதான். வேலை நடக்கும் வரிசையைச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸில் கதை எழுதுவார்கள். கனடாவில் டொராண்டோவில் நடிகர்களை வைத்துக் குரலைப் பதிவார்கள். இந்தத் தொடரின் குரல்கள் பெரும்பாலும் கனடாக்காரர்கள். பிறகு ஒவ்வொரு ஷாட்டும் எப்படி இருக்க வேண்டும் என்று சின்னச் சின்னக் கட்டங்களில் ஸ்டோரிபோர்டு. பாத்திரம் முன்னால், பின்னால், பக்கவாட்டில் எப்படி இருக்கும் என்று மாதிரித் தாள்கள். எந்த எழுத்துக்கு எந்த வாயசைவு என்ற அட்டவணை. இவ்வளவும் பெட்டியில் கட்டி ஆசியாவுக்குப் போகும். திரையில் நாம் பார்க்கும் படங்களை எல்லாம் வரைந்து, வர்ணம் பூசி, கேமராவில் எடுப்பது அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிலிமில் வினாடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது வழக்கம், ஆக வினாடிக்கு 12 படம். 22 நிமிட எபிசோடு முழுக்க அப்படி அசைந்தால் 15,840 படம் வேண்டும். தொலைக்காட்சியில் யாரும் அவ்வளவு வரைவதில்லை. ஆளை அசையாமல் நிறுத்திவிட்டு வாயை மட்டும் அசைப்பார்கள், பின்னணியை நகர்த்துவார்கள். எங்கே மிச்சம் பிடிப்பது, எங்கே உழைப்பைக் கொட்டுவது என்பதெல்லாம் பெரும்பாலும் ஸ்டூடியோவின் கையில்.

எக்ஸ்-மென்னில் இது இன்னும் கஷ்டம். அவர்கள் போட்டிருக்கும் உடுப்புகள் பெரும்பாலும் 1991 வாக்கில் காமிக்ஸில் ஜிம் லீ என்ற ஓவியர் வரைந்த பாணி. பெல்ட், பை, பட்டி, தோல்வார் என்று ஆளுக்கு ஆள் கோடு. காமிக்ஸில் ஒரு தடவை வரைந்தால் போதும். இங்கே ஒரு கோடு கூடினால் அது ஆயிரக்கணக்கான படங்களில் கூடும். ஒரு லோகோவில் நாலு கோடு கூடினாலே எனக்குச் சாயங்காலம் போய்விடும்.

அப்போ பிலிப்பைன்ஸ்காரனுக்கு வரையத் தெரியலன்னு சொல்லுங்க.

அதைச் சொல்லவே மாட்டேன். பத்தமடையில் நுணுக்கமாகக் கோரையைக் கிழித்து நாள்கணக்கில் பட்டுப் பாய் நெய்கிற அதே கையிடம், சந்தைக்கு நாளைக்கே வேண்டும், விலையும் இவ்வளவுதான் என்றால் முரட்டுப் பாய்தான் வரும். கை அதேதான்.

பல வருஷம் ஒரே பாத்திரங்களை வரைந்து பழகியவர்களிடமிருந்து, அந்தப் பாத்திரங்களைப் புதிதாகப் பார்க்கிறவர்களிடம் வேலை போகிறது. கையில் புது மாதிரித் தாள்கள், சுருங்கிய பணம். ஏகாம் ஊழியர்களுக்குப் பழக நாலு வருஷத்துக்கு மேல் கிடைத்தது. இவர்களுக்குக் கிடைத்தது மொத்தமே ஆறு எபிசோடு. சில காட்சிகளில் அசைவு முன்பைவிட வழுவழுப்பாகவே இருக்கும், கவனித்துப் பாருங்கள். ஆள் சாயல்தான் பிடிபடவில்லை.

நல்லா ஓடுன தொடருக்கு எதுக்கு காசக் குறைக்கணும்? ஓடாத தொடருக்குத்தானே குறைப்பாங்க?

நியாயமான கேள்வி, இதற்குத்தான் பலருக்கும் பதில் தெரிவதில்லை. தொடர் ஓடாமல் நிற்கவில்லை. ஓடியதால்தான் நீட்டினார்கள். நீட்டியதால்தான் மெலிந்தது.

அமெரிக்கக் கார்ட்டூன் வியாபாரத்தில் 65 என்று ஒரு எண் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று என்று போட்டால் வாரத்துக்கு ஐந்து. பதிமூன்று வாரம், அதாவது கால் வருஷம் ஓட்ட 65 வேண்டும். அவ்வளவு கையில் இருந்தால் மறுஒளிபரப்புக்கு விற்கலாம், சுற்றிச் சுற்றி ஓட்டலாம், குழந்தைகள் வளர்ந்து போக அடுத்த செட் குழந்தைகள் வந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு எபிசோடும் புதுச் செலவு, ஆனால் வரவு அந்த அளவுக்குக் கூடாது. எக்ஸ்-மென் 65ஐக் கணக்கு வைத்துப் போய்க்கொண்டிருந்தது. பார்க்கிறவர்கள் இருந்ததால் மேற்கொண்டு கேட்டார்கள், 76இல் முடிந்தது. அந்த மிச்சத்தை, அதிலும் கடைசி ஆறை, தயாரிப்பாளரான சபான் நிறுவனம் கையைச் சுருக்கிக்கொண்டு செய்தது.

காலமும் சரியில்லை. எக்ஸ்-மென் காமிக்ஸைப் போடும் மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் திவால் மனுப் போட்டது. இன்றைக்கு மார்வெல் என்றால் பணமழை என்று நினைக்கிற பையன்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

உண்மையான கிளைமாக்ஸ் வேற எபிசோடுன்னு எங்க செட்டுல ஒருத்தன் அடிச்சுச் சொல்லுதான். புளுகுதானா?

புளுகவில்லை. 1995 நவம்பரில் வந்த ‘பியாண்ட் குட் அண்ட் ஈவில்’ என்ற நாலு பாகக் கதையைத்தான் முதலில் தொடரின் முடிவாக நினைத்து எழுதினார்கள். ஸ்காட்டுக்கும் ஜீனுக்கும் கல்யாணம், அன்றைக்கே ஜீன் கடத்தப்படுகிறாள். அபோகலிப்ஸ் உலகத்தில் உள்ள மனசக்தியாளர்களை எல்லாம் சேர்த்து காலத்தையே கலைத்துப்போடப் பார்க்கிறான். கேபிள், பிஷப், மேக்னீட்டோ, சினிஸ்டர், மிஸ்டிக் என்று நாலு சீசனாக வந்துபோன ஆட்கள் பலர் அதில் தலைகாட்டுவார்கள். கல்யாண வீட்டுக்குச் சொந்தபந்தம் வந்து இறங்குவதுபோல ஒரு கூட்டம்.

எழுதி முடித்த பிறகு, இன்னும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அதன் பிறகு வருவதை எல்லாம் முடிவுக்குப் பின்னால் வந்த கதைகளாகப் பார்த்தால் மனசு கொஞ்சம் ஆறும். ஏன் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன என்பதும் விளங்கும். பெரிய நூலைத் தொடங்க அவர்களுக்கு மனசும் இல்லை, இடமும் இல்லை.

கேம்பிட் குரலும் மாறுனாப்ல இருந்துச்சு. என் காதுதான் பழுதா?

காது சரியாகத்தான் இருக்கிறது. அதுவரை கிறிஸ் பாட்டர் பேசினார், கடைசிக் கட்டத்தில் டோனி டேனியல்ஸ் பேசினார். முகம் மாறிய இடத்திலேயே குரலும் மாறினால் வேறு ஆள் மாதிரிதான் இருக்கும்.

ஸ்டார்முக்கும் நடுவில் குரல் மாறியது. ஐயோனா மோரிஸ் போய் அலிசன் சீலி-ஸ்மித் வந்தார். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. அவர் குரல் அந்தப் பாத்திரத்துக்கு அப்படிப் பொருந்திவிட்டது. வுல்வரினுக்கு கால் டாட், ரோகுக்கு லெனோர் ஜான், பீஸ்டுக்கு ஜார்ஜ் பூஸா கடைசிவரை இருந்தார்கள். கடைசி ஆறையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பாதிக் குறை தெரியாது. நான் டிசைன் வேலை பார்த்துக்கொண்டே சத்தத்தை மட்டும் கேட்பதுண்டு.

ஒரு எபிசோடுல ஜீன் செத்துட்டாங்காங்க, ஆனா அவ முன்னாடியே திரும்பி வந்துட்டாள்லா? இதுவும் கடைசி சீசன் கோளாறா?

இது வேறு கோளாறு. ஜீன் போய்விட்டாள் என்று மனமுடைந்து ஸ்காட் அணியை விட்டுப் போகும் கதை ஒன்று உண்டு. 1994இல் வந்த, ஜீனுக்குள் ஃபீனிக்ஸ் என்ற பெரும் சக்தி புகும் கதைக்கு அடுத்தபடியாக வர வேண்டியது அது. வரைந்து வந்த படத்தில் பிழைகள் இருந்ததால் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்து ஒளிபரப்பானது 1996இல். ‘லாங்ஷாட்’ எபிசோடும் இப்படித்தான் தாமதமாக வந்தது.

அதனால் ஒளிபரப்பான வரிசையில் பார்த்தால் குழப்பம்தான் வரும். ஃபீனிக்ஸ் ஐந்து பாகம் முடிந்ததும் அந்த ஸ்காட் கதையைத் தேடிப் பார்த்துவிட்டு மேலே போங்கள், சரியாக இருக்கும்.

நீங்க சும்மா பழசத் தூக்கி வச்சுப் பேசுதிய. மொதல் சீசன்ல தப்பே கிடையாதா?

எக்கச்சக்கம். முதல் எபிசோடு ஏகாமிலிருந்து வந்தபோது நூற்றுக்கணக்கான பிழைகள் இருந்தன. 1992 செப்டம்பரில் தொடங்க வேண்டியது அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போனது, அப்படியும் பிழைகளோடுதான் ஒளிபரப்பானது. பிறகு திருத்திய பிரதியை மறுபடி போட்டார்கள். நீங்கள் இப்போது பார்ப்பது திருத்தியதை.

ஆக, பழையதில் பிழை இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிழைகள் வேறு ஜாதி. உடுப்பில் ஒரு நிறம் மாறியிருக்கும், ஒரு ஃபிரேமில் ஆள் காணாமல் போவார். அடுத்த காட்சியில் எல்லாம் சரியாகிவிடும். வரைகிறவர் இன்ன உருவம் என்று மனசில் வைத்துக்கொண்டுதான் தவறியிருக்கிறார். கடைசி ஆறில் அந்த உருவமே வேறு. பிழை என்று காட்டுவதற்குத் தனியாக ஓரிடம் இல்லை, எபிசோடு முழுக்கப் பரவிக் கிடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் பார்த்தது எல்லாம் அமிர்தம் என்று நினைக்கிற வியாதி எனக்கும் உண்டு. இந்த விஷயத்தில் அது செல்லாது. முன்பின் பார்த்திராத என் அக்கா மகனே சரியாக அந்த எபிசோடில் வந்து நின்று கேட்டான்.

படம் போகட்டும், கதையும் கெட்டுப்போச்சா?

ஆறையும் ஒரே தராசில் போட முடியாது. ஜூபிலி கதையில், குகையில் மாட்டிக்கொண்ட சின்னப் பிள்ளைகளைப் பயப்படாமல் வைத்திருக்க அவள் தேவதைக் கதை சொல்கிறாள். அதில் வுல்வரின் ஒரு பூதம். குழந்தைகளுக்குப் பிடிக்கும். பெரியவர்கள் ‘உலகம் அழியப்போன தொடரில் இது எதற்கு’ என்று நெளிவார்கள். எனக்கு இதில் புகார் இல்லை. மாறிப்போன படபாணி பொருந்துகிற ஒரே எபிசோடு அதுதான், கதைப்புத்தகம் மாதிரியே இருக்கிறது.

போர்க்காலக் கதை பரவாயில்லை. இரண்டாம் உலகப் போரில் லோகனும் (வுல்வரின்தான்) கேப்டன் அமெரிக்காவும் சேர்ந்து நாஜி வில்லன் ரெட் ஸ்கல்லோடு மோதுகிறார்கள். அபோகலிப்ஸ் கதை, முன்பே நன்றாக முடிந்ததை மறுபடி தோண்டுகிறது. எனக்கு ஆறிலும் பலவீனமாகப் படுவது அதுதான். கெண்டக்கி சுரங்க ஊரில் ஒரு மியூட்டன்ட் பையனின் குடும்பம் படும்பாட்டைச் சொல்லும் எபிசோடு ஒழுங்கான கதை, அவசரமாக எழுதியது மாதிரி தெரியவில்லை. சினிஸ்டர் எப்படி அப்படி ஆனான் என்று 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போகும் கதையை நான் ரொம்பவே ரசித்தேன். சேவியரின் முன்னோர் ஒருவர் வருகிறார். நிழலும் மூடுபனியும் கேட்கிற கதை அது. அதற்குப் போய் நிழல் வற்றிய படம் அமைந்ததுதான் வயிற்றெரிச்சல். பழைய கையில் இது கிடைத்திருந்தால் தொடரின் சிறந்த பத்தில் ஒன்றாக வந்திருக்கும்.

எழுத்து நிறுத்திய இடத்தில் நிற்கிறது, ஓவியம்தான் இறங்கிப் போனது. சீசன் மோசம் என்று ஒரே சொல்லில் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாதது இந்த இடத்தில்தான்.

கடைசி எபிசோடு பாத்து அழுதோம்ங்காவளே. படம் அவ்வளவு மோசம்னா எப்படி அழுவாவ?

கதையைச் சொல்கிறேன். மேடையில் வைத்து ஹென்றி கைரிச் என்கிற மியூட்டன்ட் வெறுப்பாளன் ஒரு கருவியால் சேவியரைத் தாக்குகிறான். சேவியர் படுத்த படுக்கையாகிவிடுகிறார். பூமியில் அவருக்கு வைத்தியம் இல்லை, விண்வெளியில் ஷியார் பேரரசின் அரசி லிலாண்ட்ராவால் மட்டுமே காப்பாற்ற முடியும். அதே நேரம் ஜெனோஷா தீவில் மேக்னீட்டோ மியூட்டன்ட் படை திரட்டிக்கொண்டிருக்கிறார், மனிதர்களோடு போருக்கு. சைக்ளாப்ஸ் போய் அவரிடம், உங்கள் சிநேகிதர் சாகக் கிடக்கிறார், வந்து உதவுங்கள் என்று நிற்கிறான். மேக்னீட்டோ போரை விட்டுவிட்டு வருகிறார்.

பிறகு சேவியர் படுக்கையில் இருந்தபடி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விடைபெறுகிறார். ஒவ்வொருவருக்கும் ஓரிரு வாக்கியம். ஐந்து வருஷமாக அந்தந்த ஆள் எதோடு மல்லுக்கட்டினானோ அதைத் தொட்டுச் சொல்கிற வாக்கியம். வெடி இல்லை, சண்டை இல்லை. நம் வீடுகளில் பெரியவர் படுத்துவிட்டால் பிள்ளைகளை வரிசையாகக் கட்டிலருகே அழைத்து இரண்டு வார்த்தை சொல்வார்களே, அதுதான். அப்புறம் லிலாண்ட்ரா அழைத்துப் போகிறாள். அவர் சாகவில்லை, ஆனால் இங்கே இல்லை.

இது பெரும்பாலும் முகம் பார்த்துப் பேசும் காட்சி. அசைவு குறைவு. சேவியருக்குப் பேசிய செட்ரிக் ஸ்மித்தின் குரல் எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கிறது. படம் மெலிந்த எபிசோடில் அசைவு வேண்டாத முடிவு அமைந்தது அதிர்ஷ்டமோ, எழுதியவர்கள் தெரிந்தே செய்ததோ, எப்படியோ பலித்துவிட்டது.

ஸ்பைடர்மேன் கார்ட்டூனும் இப்படித்தானே அரைகுறையா முடிஞ்சுது?

1994 முதல் 1998 வரை வந்த ஸ்பைடர்மேன் தொடரைச் சொல்கிறீர்கள். அங்கே நடந்தது இதற்கு நேர் எதிர். மேலே சொன்ன 65 கணக்கைப் பாருங்கள், அது சரியாக 65இல் நின்றது. நீட்டி மெலியவில்லை, வெட்டிவிட்டார்கள். காணாமல்போன காதலி மேரி ஜேனைத் தேடப் போவோம் என்று ஸ்பைடர்மேனுக்கு வழிகாட்டும் மேடம் வெப் சொல்வதோடு முடிகிறது. தேடிக் கண்டுபிடித்தானா என்பது அந்தத் தொடரில் வரவே இல்லை. அங்கும் பின்பாதியில் பழைய காட்சிகளையே திரும்பத் திரும்ப ஒட்டியிருப்பார்கள், கூர்ந்து பார்த்தால் ஒரே தாவலைப் பலமுறை பார்க்கலாம்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், மெலிந்தாலும் முடிவு சொன்ன எக்ஸ்-மென் பக்கம்தான் நான். (எங்கள் அப்பா தலைமுறையிடம் ஸ்பைடர் என்று சொல்லிப் பாருங்கள். சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸில் பார்த்த பிரிட்டிஷ் ஸ்பைடரைச் சொல்வார்கள். ஆள் வேறு, கதை வேறு. இரும்புக்கை மாயாவியில் போய் முடியும் அந்தப் பேச்சு.)

எக்ஸ்-மென் ’97 மட்டும் பாத்தாப் போதும்லா? அந்த ஆறையும் தாண்டிப் போயிரவா?

ஐந்தைத் தாண்டலாம், ஒன்றைத் தாண்டக் கூடாது. 2024 மார்ச் 20இல் வந்த புதிய தொடர், ‘கிராஜுவேஷன் டே’ முடிந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. சேவியர் இல்லாத வீடு, தலைமை யார் என்று தவிக்கும் சைக்ளாப்ஸ், சேவியரின் உயிலோடு வந்து நிற்கும் மேக்னீட்டோ. மேலே சொன்ன சேவியர் விடைபெறும் காட்சியைப் பார்க்காமல் இதைப் பார்த்தால், மேக்னீட்டோ வாசலில் வந்து நிற்பதன் கனம் தெரியாது.

சினிஸ்டர் எபிசோடையும் பார்த்துவிட்டுப் போனால் நல்லது, புதிய தொடரில் அவனுக்கு வேலை இருக்கிறது. குழந்தைகளோடு பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: புதியது பழையதைவிடக் கடுமை. ஐந்தாவது எபிசோடில் ஜெனோஷாவில் நடப்பதைப் பார்த்துவிட்டு அக்கா மகன் அன்றைக்குச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. கேம்பிட் அவனுக்கு உயிர்.

புதுசு சூப்பரா இருக்கே. அப்போ அன்னைக்கும் காசு கொட்டியிருந்தா எல்லாம் சரியாயிருக்கும், அதானே?

காசு மட்டும் இல்லை. புதிய தொடருக்கு அசைவோவியம் தென்கொரியாவின் ஸ்டூடியோ மிர். முதல் சீசனில் எபிசோடுகள் பத்தே பத்து. பார்த்து வளர்ந்தவர்கள் பெரியவர்களாகி, இன்ன உருவம், இன்ன நிறம், இன்ன தாடை என்று மனப்பாடமாகத் தெரிந்து செய்கிறார்கள். 76 செய்கிறவனுக்கும் பத்து செய்கிறவனுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

குரலிலும் முடிந்தவரை பழைய ஆட்களையே அழைத்தார்கள். கால் டாட், லெனோர் ஜான், ஜார்ஜ் பூஸா, அலிசன் சீலி-ஸ்மித் எல்லோரும் திரும்பப் பேசினார்கள். சைக்ளாப்ஸுக்குப் பேசிய நார்ம் ஸ்பென்சர் 2020இல் இறந்துவிட்டார், அவர் இடத்தில் ரே சேஸ். கேம்பிட்டுக்கு இப்போது மூன்றாவது குரல். மேலே காதைச் சந்தேகப்பட்ட அண்ணாச்சி இதையும் கவனித்திருப்பார்.

ஏஐ வச்சு அந்த ஆறையும் பழைய ஸ்டைலுக்கு மாத்திரலாம்லா அண்ணாச்சி? நீங்களே டிசைன் பண்ணுதவங்கதானே?

கல்லூரிப் பையன்கள் வாரத்துக்கு ஒருவராவது கேட்பது. மங்கலைத் தெளிவாக்கலாம், கீறலை எடுக்கலாம், நிறத்தை ஏற்றலாம். தெளிவாக்கினால் குறையும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். வரையாமல் விட்ட நிழலை எந்தக் கருவியும் மீட்டுத் தராது, தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் போட்டு வைக்கும். வுல்வரின் தாடையைப் பழையபடி ஆக்குகிறேன் என்று ஒரு பையன் ஒரே ஒரு காட்சியைக் கொண்டுவந்து காட்டினான். முதல் ஃபிரேமில் அசத்தலாக இருந்தது. ஓடவிட்டால் தாடை ஃபிரேமுக்கு ஃபிரேம் நெளிகிறது, முகமூடிச் சிறகு ஒரு இடத்தில் மூன்றாக முளைத்துவிட்டது.

ஆசை இருக்கிறவர்களுக்கு ஒரு யோசனை சொன்னேன். ஆறையும் மாற்ற வேண்டாம். சினிஸ்டர் எபிசோடில் ஒரு நிமிடத்தை எடுத்து, ஸ்டோரிபோர்டு போட்டு, கையால் வரைந்து பாருங்கள். 720 படம் வரும். இரண்டு பேர் ஒத்துக்கொண்டு தாளும் பென்சிலும் வாங்கிப் போயிருக்கிறார்கள். இதுவரை மூடுபனி மட்டும் முடிந்திருக்கிறது.